ஆண் பூனை பெட்டிக்குப் போய்ப் போய் வருகிறது, ஒன்றும் வரவில்லை. திங்கள் வரை பார்க்கலாமா?

சாம்பல்வால் · சனி இரவு 11.40

வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டுப் போகிறவன்தான், இன்றைக்குத்தான் முதல்முறை எழுதுகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் பூனை பஞ்சு, ஆண், 4 வயது, கருத்தடை செய்தாயிற்று, எடை 6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மத்தியானத்திலிருந்து லிட்டர் பாக்ஸுக்கு, அதாவது அவன் மலசலம் கழிக்கும் மண் பெட்டிக்குப் போகிறான், உட்கார்ந்து முக்குகிறான், ஒன்றும் இல்லாமல் எழுந்து வருகிறான், பத்து நிமிடம் கழித்து மறுபடி போகிறான். சாயங்காலம் பாத்ரூம் தரையில் உட்கார்ந்து அடித்தொண்டையில் ஒரு மாதிரி கத்தினான், அந்தச் சத்தத்தை நான் இதுவரை கேட்டதே இல்லை. மலச்சிக்கல் என்றுதான் நினைக்கிறேன், நேற்று மலம் போனதாகத் தெரியவில்லை. வயிற்றைத் தடவிவிடலாமா? கொஞ்சம் எண்ணெய் கொடுக்கலாமா? நாளை ஞாயிறு, வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் திங்கள் காலைதான் வருவார். அதுவரை சமாளிக்க வழி சொன்னால் நல்லது.

மூன்றுபூனைவீடு · இரவு 11.44

மலத்தை விடுங்கள். அவன் சிறுநீர் கழித்ததை நீங்கள் கண்ணால் பார்த்தது கடைசியாக எப்போது? பெட்டியில் மண்ணைக் கிளறிப் பாருங்கள், ஈரக் கட்டி இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு பெரியது?

சாம்பல்வால் · இரவு 11.51

கிளறினேன். காலையில் சுத்தம் செய்த பெட்டி. பட்டாணி அளவில் இரண்டே கட்டி, ஒன்றில் லேசாக இளஞ்சிவப்பு. வேறு எதுவும் இல்லை. இப்போது கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கிறான்.

இரவுப்பணி · இரவு 11.55

விலங்கு மருத்துவமனையில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸ் நான். டாக்டர் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே சொல்லிக்கொண்டு ஆட்கள் உள்ளே வருவதை நிறையத் தடவை பார்த்திருக்கிறேன், எல்லோரும் முதலில் மலச்சிக்கல் என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் முக்குகிற தோரணை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்று. ஆண் பூனை முக்கி, ஒன்றுக்கு வரவில்லை என்றால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். இல்லை என்று டாக்டர் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.

திங்கள் வரை இல்லை, நாளைக் காலை வரைகூட இல்லை. இரவு திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனை எது என்று இப்போதே தேடி, கிளம்புவதற்கு முன்பே போன் செய்து "ஆண் பூனை, சிறுநீர் அடைப்பு மாதிரி இருக்கிறது, வருகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் போதும், அங்கே இருப்பவர்களுக்குப் புரியும்.

வயிற்றைத் தடவ வேண்டாம், அழுத்தவே வேண்டாம். சிறுநீர்ப் பை நிரம்பி இறுகியிருக்கும்போது அழுத்தினால் உள்ளேயே கிழியலாம். எண்ணெய் வேண்டாம். வலிக்கிறதே என்று நாம் போட்டுக்கொள்கிற மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள், அதுதான் எனக்கு இருக்கிற பெரிய பயம். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை உடைத்து வெளியேற்றும் வேலையை நம் கல்லீரல் மாதிரி பூனையின் கல்லீரலால் செய்ய முடியாது, ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் சக்தியையே இழந்துவிடும். ஐபுப்ரோஃபென் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஏற்கெனவே அங்கேதான் பிரச்சினை.

சாம்பல்வால் · ஞாயிறு அதிகாலை 12.02

பயமாக இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மாதக் கடைசி. இரவு மருத்துவமனை என்றால் எவ்வளவு ஆகும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. காலையில் விடியும்போது போனால் ரொம்பத் தாமதமா? அவன் தூங்குகிற மாதிரி இருக்கிறான். ஒரு தடவை வாந்தி எடுத்தான், முடி உருண்டை என்று நினைத்தேன், வெறும் நுரைதான்.

இரவுப்பணி · அதிகாலை 12.06

வாந்தியை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தூங்கவில்லை, துவண்டிருக்கிறான். கிளம்புங்கள்.

ஏன் விரட்டுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் நீளம், நுனிக்குப் போகப் போக மிகவும் குறுகல். சளி, செல் குப்பை, மணல் மாதிரிப் படிகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன அடைப்பான் உருவானால் போதும், சில நேரம் கல், சில நேரம் வெறும் வீக்கமும் தசைப் பிடிப்பும். பெண் பூனைக்குக் குழாய் குட்டை, அகலம், அதனால் முழு அடைப்பு அபூர்வம். அடைத்துவிட்டால் சிறுநீரோடு போக வேண்டியதெல்லாம் ரத்தத்தில் தேங்கும், முக்கியமாக பொட்டாசியம். அது ஏற ஏற இதயத் துடிப்பு தடுமாறி மெதுவாகும். முழுதாக அடைத்த பூனை ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகலாம். மத்தியானத்திலிருந்து என்கிறீர்கள், ஏற்கெனவே பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அதற்கு முன்னால் எப்போது போனான் என்று உங்களுக்கே தெரியாது.

நாட்டுவழி · அதிகாலை 12.09

பதற வேண்டாம் நண்பரே. ஆப்பிள் சைடர் வினிகர் ஒரு ஸ்பூன் தண்ணீரில் கலந்து சிரிஞ்சில் ஊற்றுங்கள், கல் கரைந்துவிடும். என் பூனைக்கு இரண்டு தடவை அப்படித்தான் சரியானது. மருத்துவமனைகளுக்குப் பயமுறுத்தத் தெரியும்.

மூன்றுபூனைவீடு · அதிகாலை 12.11

உங்கள் பூனை ஆணா பெண்ணா?

நாட்டுவழி · அதிகாலை 12.12

பெண்.

மூன்றுபூனைவீடு · அதிகாலை 12.14

சரிதான். அவளுக்குப் பை வீக்கம் வந்திருக்கும், அது பல நேரம் ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கும், நீங்கள் வினிகர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். அடைத்த குழாய்க்கு மேலிருந்து எதை ஊற்றினாலும் அது போய்ச் சேர இடம் இல்லை. வாந்தி எடுக்கிற பூனையின் வாயில் சிரிஞ்சால் திணித்தால் நுரையீரலுக்குள் போகும் அபாயம் வேறு. தயவுசெய்து இந்த இழையில் இதை இனிமேல் எழுதாதீர்கள், அவர் பதற்றத்தில் செய்துவிடுவார்.

கணக்குப்புத்தகம் · அதிகாலை 12.15

பணத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம், மீதி அப்புறம். கிளம்புங்கள், போய் முதலில் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்: "என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. இன்று இரவு உயிரைக் காப்பாற்ற அவசியமானது எது, நாளைக்குத் தள்ளக்கூடியது எது, இரண்டுக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள்." அவர்கள் இதைத் தினமும் கேட்கிறவர்கள், யாரும் உங்களை மட்டமாக நினைக்கப் போவதில்லை. முன்பணம் எவ்வளவு, மீதியைப் பிரித்துக் கட்ட முடியுமா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள். இன்னொன்று, காலை வரை தள்ளினால் செலவு குறையாது. பொட்டாசியம் ஏறிய பூனைக்கு வேலை அதிகம், தங்கும் நாளும் அதிகம்.

சாம்பல்வால் · அதிகாலை 12.21

போன் செய்துவிட்டேன். உடனே வரச் சொன்னார்கள். கூடைக்குள் போக மறுக்கிறான்.

மூன்றுபூனைவீடு · அதிகாலை 12.22

கூடையின் மூடியைக் கழற்றுங்கள், பெரிய துண்டை மேலே போட்டு அப்படியே சுருட்டித் தூக்கி வையுங்கள், அப்புறம் மூடியை மாட்டுங்கள். வயிற்றில் கை அழுந்தாமல் மார்பையும் இடுப்பையும் தாங்கிப் பிடியுங்கள்.

ஓரத்துஇருக்கை · அதிகாலை 1.05

அவர் போய்ச் சேரும் வரை எனக்குத் தூக்கம் வரப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன். என் பூனைக்கும் இதே கதைதான். வெள்ளி இரவு பார்த்தேன், சனிக்கிழமை ஓர் இடத்துக்குப் போனேன், வயிற்றைச் சரியாகத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஆன்டிபயாடிக் ஊசி போட்டு அனுப்பினார்கள், நானும் ஊசிதான் போட்டாயிற்றே என்று நிம்மதியாகத் தூங்கினேன். ஞாயிறு மத்தியானம் அவன் உடம்பு சில்லென்று ஆகிவிட்டது. யாரையும் குறை சொல்ல எழுதவில்லை, அது நடந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. ஊசி போட்டுவிட்டார்கள் என்பதும் சிறுநீர் வந்துவிட்டது என்பதும் வேறு வேறு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. டாக்டர் அறையை விட்டு வெளியே வரும் முன் "பை காலியாக இருக்கிறதா, நிரம்பி இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும், இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.

இரவுப்பணி · அதிகாலை 1.20

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் சொன்ன கேள்வி ரொம்பச் சரி. இதையும் சேர்த்துக்கொள்கிறேன், இளம் பூனைகளில் பாக்டீரியாத் தொற்று இதற்குக் காரணமாக இருப்பது குறைவு, வயதான பூனைகளில்தான் அது அதிகம். ஆகவே சிறுநீரைச் சோதிக்காமல் ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்தால் ஏன் என்று கேட்கலாம், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

சாம்பல்வால் · அதிகாலை 4.18

வந்துவிட்டேன். அவன் அங்கேயே இருக்கிறான். உயிரோடு இருக்கிறான்.

டாக்டர் வயிற்றில் கை வைத்த இரண்டாவது நொடியில் "அடைத்திருக்கிறது" என்று சொல்லிவிட்டார், பை கல் மாதிரி உருண்டையாக இருந்ததாம். ரத்தத்தில் பொட்டாசியம் 8.4 என்றார். அது எவ்வளவு மோசம் என்று எனக்குத் தெரியவில்லை, அவர் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்தது. முதலில் டியூப் போடவில்லை, டிரிப்ஸ் ஏற்றி, இசிஜி மாட்டி, கால்சியம் ஊசி மெதுவாகப் போட்டார்கள். அதற்கப்புறம் மயக்கம் கொடுத்து கதீட்டர் என்ற அந்த மெல்லிய டியூபை விட்டுக் கழுவினார்கள். வந்த சிறுநீர் ரத்தச் சிவப்பு. கணக்குப்புத்தகம் சொன்ன மாதிரியே கேட்டேன், அந்த நர்ஸ் அம்மா ஒரு காகிதத்தில் கோடு போட்டு இந்தப் பக்கம் இன்று, அந்தப் பக்கம் நாளை என்று எழுதிக் கொடுத்தார். எக்ஸ்ரே நாளைக்குப் போயிற்று. திங்கள் வரை காத்திருந்தால் என்று நினைத்தால் கை நடுங்குகிறது.

இரவுப்பணி · அதிகாலை 4.30

வழக்கமாக 5.5-க்குள் இருக்க வேண்டியது 8.4. நல்ல வேளை கிளம்பினீர்கள். கால்சியம் பொட்டாசியத்தைக் குறைக்காது, ஆனால் இதயம் நின்றுவிடாமல் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும், அதற்குள் மற்ற வேலைகளை முடிப்பார்கள். வரிசை சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

அடுத்த ஒன்றிரண்டு நாள் அவன் குடம் குடமாகச் சிறுநீர் கழிப்பான், பயப்படாதீர்கள், தேங்கியதைச் சிறுநீரகம் தள்ளுகிறது. எவ்வளவு வெளியே போகிறதோ அதற்கு ஈடாக டிரிப்ஸில் உள்ளே ஏற்ற வேண்டும், அதற்குத்தான் அங்கேயே வைத்துக்கொள்கிறார்கள். செலவைக் குறைக்கச் சீக்கிரம் அழைத்து வந்துவிடலாமா என்று தோன்றும். மற்ற எதில் வேண்டுமானாலும் பேரம் பேசுங்கள், இதில் வேண்டாம். போய்த் தூங்குங்கள்.

சாம்பல்வால் · புதன் மாலை 6.10

பஞ்சு வீட்டுக்கு வந்துவிட்டான். நக்காமல் இருக்கப் போடுகிற அந்தக் கூம்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கதவு நிலையில் எல்லாம் இடித்துக்கொண்டு திரிகிறான். எக்ஸ்ரேயில் கல் இல்லை. சிறுநீரில் ஸ்ட்ருவைட் என்ற வகைப் படிகங்கள் கொஞ்சம். தொற்று இல்லை. காரணம் "இடியோபதிக்" என்று எழுதியிருக்கிறார்கள், அதாவது காரணம் தெரியாது என்பதற்குக் காசு வாங்கிக்கொண்டு ஒரு பெயர், அப்படித்தானே? வலிக்கு ஒரு மருந்து, குழாய்த் தசை தளர ஒரு மருந்து, ஒரு மூட்டை ஸ்பெஷல் உணவு. பிரச்சினை என்னவென்றால் இன்று மட்டும் எட்டுத் தடவை பெட்டிக்குப் போயிருக்கிறான். மறுபடியுமா?

இரவுப்பணி · புதன் மாலை 6.25

போகிற தடவையை எண்ணாதீர்கள், கட்டியைப் பாருங்கள். டியூப் இருந்த இடம் புண்ணாக இருக்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போவான், அது சில நாளில் குறையும். ஒவ்வொரு தடவையும் சின்னதாகவாவது ஈரக் கட்டி இருந்தால் போனில் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கவனிக்கலாம். மூன்று தடவை போயும் கட்டியே இல்லை, அல்லது வாந்தி, அல்லது ஒளிந்துகொள்கிறான் என்றால் கூடை, துண்டு, நேராக மருத்துவமனை. முதல் ஒரு வாரம் திரும்ப அடைக்க வாய்ப்பு அதிகம், சில பூனைகளுக்கு மாதங்கள் கழித்தும் வரும். திரும்பத் திரும்ப அடைத்தால் குறுகலான நுனியை நீக்கி வாயை அகலப்படுத்தும் அறுவை சிகிச்சை இருக்கிறது, இப்போதே அதை யோசிக்க வேண்டாம்.

காரணம் தெரியாது என்ற பெயரைப் பற்றி. கிண்டல் நியாயம்தான், ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் நிறைய வேலை இருக்கிறது. நடுத்தர வயது வரை உள்ள பூனைகளில் சிறுநீர்ப்பைத் தொல்லைக்குப் பாதிக்கு மேல் இதுதான். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவர் இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். இது பையோடு நிற்கிற கோளாறு இல்லை, பூனையின் மொத்த மன அழுத்த அமைப்பும் சம்பந்தப்பட்டது என்று சொல்லி 2011-இல் பண்டோரா நோய்க்குறி என்று பெயர் வைத்தார். வீட்டில் சமீபத்தில் ஏதாவது மாறியதா?

சாம்பல்வால் · புதன் மாலை 6.40

மாறியது. பக்கத்து வீட்டில் மூன்று வாரமாகச் சுவரை இடிக்கிறார்கள். அப்புறம், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, மலிவாகக் கிடைத்தது என்று போன மாதம் வாசனை போட்ட மண்ணுக்கு மாற்றினேன். பெட்டியையும் வாஷிங் மெஷின் பக்கத்துக்கு நகர்த்தினேன், கூடத்தில் நாற்றம் வருகிறது என்று.

மூன்றுபூனைவீடு · புதன் மாலை 6.52

ஒரே மாதத்தில் மூன்றா, பாவம் அவன். வாசனை நமக்கு, அவனுக்கு இல்லை. பழைய மண்ணுக்கே போங்கள், வாசனை இல்லாத, கட்டி பிடிக்கிற ரகம், அப்போதுதான் கட்டியின் அளவைப் பார்த்து நிலைமை தெரியும். மெஷின் சுற்ற ஆரம்பித்து அவன் ஒரு தடவை திடுக்கிட்டு ஓடியிருந்தால் போதும், அந்த இடத்துக்குப் போவதைத் தள்ளிப்போட ஆரம்பிப்பான். பெட்டி எத்தனை? ஒன்றா? பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும், எனக்கு மூன்று பூனை, நான்கு பெட்டி, வீடே பெட்டிதான். மூக்கிலிருந்து வால் ஆரம்பிக்கும் இடம் வரை அளந்து அதில் ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். கடையில் பூனைப் பெட்டி என்று விற்பதில் பாதி குட்டிக்குத்தான் சரி, துணி வைக்கும் அகலப் பிளாஸ்டிக் தொட்டியை வாங்கி ஒரு பக்கம் தாழ்வாக வெட்டிவிட்டேன்.

தண்ணீர்தான் முக்கியம். உலர் உணவில் ஈரம் பத்து சதவீதம் அளவுதான், டின்னில் வரும் ஈர உணவில் 75 முதல் 80 சதவீதம். பூனைக்கு உணவோடு சேர்த்து ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 மில்லி தேவை. உலர் உணவு மட்டும் தின்கிற பூனை அதைக் குடித்தே ஈடு கட்ட வேண்டும், பெரும்பாலானவை கட்டாது. மெதுவாக மாற்றுங்கள், பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், குண்டுப் பூனை சில நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு ஏறி அது தனி வைத்தியம். மருத்துவ உணவிலும் ஈர ரகம் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

நாட்டுவழி · புதன் இரவு 8.05

வினிகர் விஷயத்தில் நான் சொன்னது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படிகம் அமிலத்தில் கரையும் என்பது உண்மைதானே?

இரவுப்பணி · புதன் இரவு 9.30

ஸ்ட்ருவைட் கரையும், அதற்கென்று அளந்து தயாரித்த உணவு கொடுத்து, சிறுநீரைச் சோதித்துக்கொண்டே செய்வார்கள். கால்சியம் ஆக்ஸலேட் என்று இன்னொன்று இருக்கிறது, அது உணவால் கரையாது, அமிலம் கூடினால் அது உருவாக இன்னும் வசதி. வீட்டில் இருந்துகொண்டு எது என்று தெரியாமல் ஒரு ஸ்பூன் ஊற்றினால் எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது. கேட்டதற்கு நன்றி, நிறையப் பேர் கேட்காமல் போய்விடுவார்கள்.

சாம்பல்வால் · வெள்ளி இரவு 10.15

கட்டிகள் பெரிதாகிவிட்டன. நேற்று மூன்று, இன்று மூன்று, ஒவ்வொன்றும் எலுமிச்சை அளவு. கட்டியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததில்லை.

இப்போது பணம். பில் என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டிவிட்டது. கிரெடிட் கார்டில் போட்டேன். இன்சூரன்ஸ் எடுக்கலாமா?

கணக்குப்புத்தகம் · வெள்ளி இரவு 10.50

முதலில் கார்டு. முழுதாகக் கட்ட முடியாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், பெரும்பாலான கார்டுகளில் வட்டி செலவு செய்த நாளிலிருந்தே ஓடும், அதற்குப் பின் வாங்குகிற சோப்புக்கும் சேர்த்து. அதனால் அந்தக் கார்டை இழுப்பறையில் வைத்துவிடுங்கள், இது தீரும் வரை வேறு எதற்கும் தேய்க்க வேண்டாம். தவணையாக மாற்றித் தருகிறோம் என்று போன் வரும், "வட்டி இல்லை" என்பார்கள், செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்று கேட்டு மொத்தமாகக் கட்டப்போகும் தொகையைக் கூட்டிப் பாருங்கள். சில நேரம் அதுவே லாபம், சில நேரம் வட்டியைக் கட்டணம் என்று பெயர் மாற்றி எழுதியிருப்பார்கள்.

இன்சூரன்ஸ் எடுக்கலாம், ஆனால் எதற்காக என்று தெளிவாக இருங்கள். எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்க்குப் பொதுவாகப் பணம் வராது. பஞ்சுவின் மருத்துவக் குறிப்பில் சிறுநீர் அடைப்பு ஏறிவிட்டது, ஆகவே அந்தப் பக்கம் எது வந்தாலும் மறுப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் இவ்வளவு காலம் தொல்லை இல்லாமல் இருந்தால் மறுபடி சேர்த்துக்கொள்வோம் என்கின்றன, அந்த வரி பாலிசியில் இருக்கிறதா என்று தேடுங்கள், விற்பவரின் வாய்ச்சொல் போதாது. எலும்பு முறிவு, விஷம், புற்றுநோய் மாதிரி மற்றவைக்கு உதவும். காத்திருப்புக் காலம் எவ்வளவு, வருட உச்சவரம்பா அல்லது ஒரு நோய்க்கு உச்சவரம்பா, நீங்கள் கட்டிவிட்டு அப்புறம் வாங்க வேண்டுமா அல்லது நேராக மருத்துவமனைக்குப் போகுமா, இவற்றைப் பாருங்கள். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. சனிக்கிழமை நள்ளிரவில் உங்களுக்கு இருந்த பிரச்சினை கையில் காசு இல்லாததுதான், மூன்று வாரம் கழித்து வரும் காசு அப்போது உதவியிருக்காது.

பஞ்சுவுக்கு என் யோசனை தனிக் கணக்கு. சம்பளம் வருகிற அன்றைக்கே 4 சதவீதம் தானாகப் போய் அதில் விழ வேண்டும், கையால் மாற்றினால் இரண்டாவது மாதமே மறந்துவிடுவீர்கள். 12 மாதத்தில் ஒரு சம்பளத்தின் 48 சதவீதம், கிட்டத்தட்ட இந்த பில்.

ஓரத்துஇருக்கை · வெள்ளி இரவு 11.10

நான்கு சதவீதம் எல்லோராலும் முடியாது, இரண்டில் ஆரம்பித்தாலும் பரவாயில்லை என்று சொல்லுங்கள்.

கணக்குப்புத்தகம் · வெள்ளி இரவு 11.14

சரி, இரண்டு. ஒன்றுகூடச் சரி.

பழையகம்பி · சனி காலை 9.20

நான் பூனை வளர்ப்பவன் இல்லை, கம்பியும் பேட்டரியும்தான் தெரியும். மத்தியானம் நீங்கள் வேலைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். வீட்டில் கிடக்கிற பழைய போனைக் கேமராவாக மாற்றும் செயலிகள் இருக்கின்றன, அசைவு தெரிந்தால் செய்தி அனுப்பும். பெட்டிக்கு எதிரே வைத்தால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறான் என்று தெரிந்துவிடும். நல்ல நாளில் நான்கைந்து செய்தி வரும், கெட்ட நாளில் நாற்பது வரும், வித்தியாசம் தூங்கிக்கொண்டிருந்தாலும் தெரியும். டாக்டரிடம் காட்ட வீடியோவும் ஆயிற்று.

இரண்டு எச்சரிக்கை. பழைய போனை இரவு பகலாகச் சார்ஜரில் மாட்டியே வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரி எப்போதும் நூறு சதவீதத்தில், சூடாக இருந்தால் உப்பும், பின்மூடி தூக்கிக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். எண்பதில் சார்ஜை நிறுத்தும் வசதி போனில் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் டைமர் பிளக் வைத்து விட்டு விட்டு மின்சாரம் போகட்டும். உப்பியிருப்பது தெரிந்தால் அழுத்திப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள், மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள். அடுத்தது, அப்டேட் நின்றுபோன போன் அது. அதில் உங்கள் மின்னஞ்சல், வங்கிச் செயலி எதுவும் இருக்கக் கூடாது. மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக ஒரு கணக்கு, வைஃபையில் விருந்தினர் இணைப்பு, இரண்டடுக்குக் கடவுச்சொல். கண் பெட்டியை மட்டும் பார்க்கட்டும், கட்டிலைப் பார்க்க வேண்டாம்.

மூன்றுபூனைவீடு · சனி காலை 10.02

தானே சுத்தம் செய்து, எண்ணி, எடை பார்த்துச் சொல்லும் பெட்டியே வாங்கினேன் நான். மூன்றில் இரண்டு பூனை ஒரே எடை, எது போயிற்று என்று அதற்கே குழப்பம். அறிவிப்புத் தொல்லை தாங்காமல் நானே அதை அணைத்துவிட்டேன், அப்புறம் எதற்கு அந்தப் பெட்டி?

பழையகம்பி · சனி காலை 10.10

ஒரு பூனை வீட்டுக்குத்தான் அது சரி. உங்கள் வீட்டுக்குக் கையும் கரண்டியும்.

சாம்பல்வால் · மூன்று மாதம் கழித்து, ஞாயிறு காலை 8.30

யாராவது இன்னும் பார்க்கிறீர்களா தெரியவில்லை. பஞ்சு நன்றாக இருக்கிறான். 6.2 கிலோ இருந்தவன் இப்போது 5.5, டாக்டர் சொன்ன மாதிரி வாரத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொண்டோம், வாரம் ஒரு நாள் குழந்தை எடை பார்க்கிற தராசில் நிறுத்துகிறேன், அவனுக்கு அது பிடிக்கவே இல்லை. பெட்டி இரண்டு, ஒன்று கூடத்திலேயே, நாற்றம் வந்தால் வரட்டும், தினம் இரண்டு தடவை அள்ளினால் அவ்வளவாக வருவதில்லை. ஈர உணவுக்கு மாற ஐந்து வாரம் பிடித்தது. கேமரா இருக்கிறது. ஒரே ஒரு நாள் பதினொரு செய்தி வந்து அலுவலகத்திலிருந்து ஓடி வந்தேன், பெட்டிக்குள் ஒரு பல்லி. கார்டில் இன்னும் இரண்டு மாதத் தவணை பாக்கி. தனிக் கணக்கில் மூன்று சதவீதம் போகிறது, கணக்குப்புத்தகம் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தண்ணீர் அதிகம் குடிப்பான் என்று மின்சாரத்தில் ஓடும் அந்தக் குட்டி நீரூற்று ஒன்று வாங்கினேன். ஒரு நாள் முழுக்க அதை முறைத்துப் பார்த்தான், இரண்டாம் நாள் தட்டிக் கவிழ்த்தான். இப்போது பாத்ரூம் வாளியில் ஏறி நின்று குடிக்கிறான். அடிக்கடி ஃபில்டர் மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை, வாளியைக் கழுவினால் போதும். நீரூற்று புதுசு மாதிரியே இருக்கிறது, யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள்.

மூன்றுபூனைவீடு · ஞாயிறு காலை 8.41

என்னிடமே இரண்டு கிடக்கிறது.